இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழா இனிதே நடந்தது. பேச்சுப் போட்டியிலும் வினாடி வினாவிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். வருகைப் பதிவு சென்ற பருவத்தைவிட மேம்பட்டிருக்கிறது. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துவிட்டன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

கூடவே, ஒன்பதாம் வகுப்பின் ஓவியச் செயல்திட்டம் பற்றியும் சில வார்த்தைகள்.

பிள்ளைகள் வரைந்த படங்களில் எனக்குக் குறையே இல்லை. சில படங்களின் முன்னால் நின்றால் நகர மனம் வரவில்லை. சிக்கல், படத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பின்னணிக் குறிப்பில்தான். தான் எடுத்துக்கொண்ட ஓவியர் எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் வரைந்தார், அன்று பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், இதிலிருந்து என் படத்துக்கு நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று பிள்ளையே தேடிப் படித்து நான்கு பக்கம் எழுத வேண்டும். ஓவிய ஆசிரியர் 38 நோட்டுகளையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். படித்ததும் காரணம் புரிந்தது.

வான்கோவைப் பற்றி 11 நோட்டுகளில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு. இன்னொரு நோட்டில் ஓவியர் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ பற்றிய குறிப்பு, “1985-இல் மாட்ரிட்டில் இந்த ஓவியத்தின் முன் நான் நின்றபோது” என்று தொடங்குகிறது. நோட்டுக்குரிய மாணவனுக்கு வயது 14. (ஓவியம் 1981-லேயே ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது என்பதால் தகவல் சரிதான். நின்றவர் யார் என்பதில்தான் குழப்பம்.)

அவனைக் கூப்பிட்டு, நோட்டை மூடி வைத்துவிட்டு, படத்தை மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். “ஏன் சார், இதுல கலரே இல்ல?” என்றான்.

அந்த நான்கு பக்கத்தில் எங்குமே இல்லாத கேள்வி இது. இதைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். குவெர்னிகா என்பது ஸ்பெயினில் உள்ள ஓர் ஊர் என்பதும், 1937 ஏப்ரல் 26 அன்று அந்த ஊரின் மீது குண்டு வீசப்பட்டதும் தெரியவரும். பாரிஸில் இருந்த பிக்காசோவுக்குச் செய்தி நாளிதழ்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது என்பதும், அன்றைய நாளிதழ்ப் படங்கள் கறுப்பு வெள்ளை என்பதும் தெரியவரும். ஏழரை மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்த ஓவியத் துணியில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறில்லாததற்கு இதையே காரணமாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அவனுக்கு வேறொரு காரணம் தோன்றலாம், அதையும் எழுதலாம். பின்னணியைத் தேடுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பெற்ற விருதுகள் என்ற பட்டியலை அல்ல.

எங்கள் பக்கத் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். “விமர்சன, பண்பாட்டுப் பின்னணி: 4 பக்கம்” என்று ஒற்றை வரியில் சுற்றறிக்கை அனுப்பினோம். அதைப் படித்தால் யாருக்குமே தலையும் வாலும் புரியாது. ஒரு நாள் முன்னதாகப் பிள்ளை கண்ணீரோடு வந்து நின்றால், வேலை முடிந்து களைத்து வந்த நீங்கள் என்ன செய்வீர்கள்? கணினியைத் திறந்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆகவே இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். விமர்சனப் பின்னணி என்றால் பாராட்டுரைத் தொகுப்பு இல்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த ஒரு துறைமுகக் காலையை 1874-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தப் படத்தின் தலைப்பிலிருந்த ‘இம்ப்ரெஷன்’ (மனப்பதிவு) என்ற சொல்லை எடுத்து, அங்கே படம் வைத்த ஓவியர் கூட்டத்தையே கேலி செய்தார். அந்தக் கேலிச் சொல்லே பிறகு ‘இம்ப்ரெஷனிசம்’ என்று அவர்களது இயக்கத்தின் பெயராகிவிட்டது. திட்டியவர் எதைப் பார்த்துத் திட்டினார் என்று ஒரு பிள்ளை யோசித்தால், ஓவியத்தில் புதிதாக என்ன இருந்தது என்பது தானாகவே பிடிபடும். பண்பாட்டுப் பின்னணியும் அப்படியே. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ‘பேரலை’ என்ற தன் படத்தை 1831 வாக்கில், எழுபது வயதில் படைத்தார். அந்தப் படத்தில் உள்ள ஆழ்ந்த நீலம் பெர்லினில் கண்டறியப்பட்டு, வணிகம் வழியாக ஜப்பானுக்கு வந்து சேர்ந்த நிறமி. ‘ஜப்பானிய ஓவியம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் இந்தப் பயணம் தெரியாமலே போய்விடும்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பருவம் முதல் பின்னணிக் குறிப்பின் முதல் வரைவு வகுப்பிலேயே, கையால் எழுதப்படும். அச்செடுத்து ஒட்டிய பக்கங்களுக்கு மதிப்பெண் கிடையாது. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்தாலும், அக்கா எழுதித் தந்தாலும், நீங்களே எழுதித் தந்தாலும் விதி ஒன்றுதான். எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் தன் வார்த்தைகளில் பேச முடியாத மாணவருக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம் போடப்படும். இதில் விதிவிலக்குக் கேட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை மட்டும் யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை. விடுமுறையில் திருத்தி எழுதி, பள்ளி திறந்து ஒரு வாரத்துக்குள் தந்தால் போதும்.

உதவவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மாணவி அம்ரிதா ஷேர்கிலின் 1935-ஆம் ஆண்டு ஓவியமான ‘மூன்று பெண்க’ளை எடுத்திருந்தாள். வீட்டில் அவள் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “மூணு பேரும் ஏன்டி நம்மளப் பாக்காம எங்கயோ பாக்குறாங்க?” என்று கேட்டாராம். அவ்வளவுதான் உதவி. அந்தக் கேள்விக்காக அவள் தேடிப் போனதில், பாரிஸில் படித்துவிட்டு 1934-இல் இந்தியா திரும்பிய ஓவியர், இங்கே கண்ட பெண்களின் மௌனத்தை எப்படிப் பார்த்தார் என்று இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். நான்கு பக்கம் வரவில்லை. எழுத்துப்பிழைகளும் உண்டு. 38 நோட்டுகளில் நான் இரண்டு முறை படித்தது அந்த ஒன்றைத்தான்.

நீங்களும் அப்படி அருகில் உட்கார்ந்து கேளுங்கள். இதை எங்கே படித்தாய் என்று கேளுங்கள். பெயரையும் பக்கத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அருகில் அருங்காட்சியகமோ ஓவியக் கூடமோ இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிப் போங்கள். பேனா மட்டும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

நள்ளிரவு வரை விழித்திருந்து அட்டை வெட்டியும் பசை ஒட்டியும் துணை நின்ற உங்கள் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்படிப்பட்ட பெற்றோர் வாய்த்தது இந்தப் பள்ளிக்குப் பெரும் பலம். மனமார்ந்த நன்றி. விடுமுறை இனிதாக அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: விளையாட்டு விழா அன்று விட்டுச் சென்ற 6 தண்ணீர் பாட்டில்களும், ஒற்றைக் காலணி ஒன்றும் அலுவலகத்தில் உள்ளன. பள்ளி திறந்ததும் வந்து பெற்றுக்கொள்ளவும்.