யூன் மாதத்தில் கடல் ட்ரவுட் எங்கே போகிறது? பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நோர்வேயின் கரையோர மீன்வளத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் பொறுப்பான மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்புக் கூண்டுகளில் பெருகிக் காட்டு மீன்களிலும் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுண்ணியான கடற்பேன் பற்றிய விதிகளை வகுத்தவர்களுக்கே அவற்றை விளக்கும் எண்ணம் எனக்கில்லை. கடந்த யூலையில் என் மகளின் தூண்டிலில் சிக்கிய ஒரு மீனைப் பற்றி மட்டும் முதலில் சொல்ல அனுமதியுங்கள்.

மேற்குக் கரையில் நாங்கள் வாழும் ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கழியில்), வற்றிய நீர் மீண்டும் ஏறத் தொடங்கும் மாலை வேளையில், பாறையில் நின்று பாசிப் படுகையின் ஓரமாக எறிந்தால், சால்மனுக்கு உறவான கடல் ட்ரவுட் மீன் கொத்தும். அன்றும் கொத்தியது. ஆனால் தங்கூசியில் வழக்கமான துடிப்பு இல்லை. நனைந்த துணியை இழுப்பதுபோல் வந்தது. கைவலையில் ஏந்தித் தூக்கியபோதுதான் காரணம் தெரிந்தது. 42 செ.மீ. நீளமான அந்த மீனின் முதுகுச் செட்டையில் தோலே இருக்கவில்லை. முட்கள் மட்டும் சீப்புப் பற்களைப்போல் நின்றன. அதன் அடியிலிருந்து வால்வரை பழுப்புநிறப் பேன்கள் அப்பிக் கிடந்தன. சிலவற்றின் பின்னால் முட்டைச் சரங்கள் நூலாகத் தொங்கின. எண்ணத் தொடங்கிய மகள் அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். தூண்டிலைக் கழற்றி மீனை நீரில் விட்டோம். அது ஆழத்துக்கு ஓடவில்லை. கரையோரமாக ஆற்றுவாய்ப் பக்கம் மெல்லத் திரும்பியது. நன்னீரில் பேன் கழன்றுவிடும் என்பதற்காக, இரை தின்று கொழுக்க வேண்டிய கோடையிலேயே இப்படிப்பட்ட மீன்கள் ஆற்றுக்குத் திரும்பிவிடுகின்றன என்று உங்கள் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள்.

அந்த ஆற்றுவாயில் ஒரு பலகை நிற்கிறது: 100 மீற்றருக்குள் மீன் பிடிக்கக் கூடாது. நல்ல விதிதான், நாங்கள் மீறியதில்லை. பலகையை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்க்கரையோரம் வட்ட வட்டமாக சால்மன் வளர்ப்புக் கூண்டுகள் தெரிகின்றன.

படங்களுடன் உரிய அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். மூன்று வாரங்களின் பின் வந்த பதில், அருகிலுள்ள கூண்டுகளில் பேன் எண்ணிக்கை விதிக்கு உட்பட்டே இருந்ததாகச் சொன்னது. உண்மையாகத்தான் இருக்கும். என் முறைப்பாடே அந்த விதியைப் பற்றியதுதான்.

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே கடைசிவரை, அதாவது 16ஆம் வாரம் முதல் 21ஆம் வாரம் வரை, எங்கள் பகுதியில் வளர்ப்பு மீன் ஒன்றுக்குச் சராசரியாக 0.2 முதிர்ந்த பெண் பேன்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறீர்கள். சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து பெருங்கடலுக்குப் போகும் காலம் அது. அந்த ஆறு வாரங்கள் முடிந்ததும் வரம்பு 0.5 ஆக உயர்ந்துவிடுகிறது. சால்மன் போய்விட்டது, சரி. ஆனால் கடல் ட்ரவுட் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. கோடை முழுவதும் இதே ஃபியோர்டில், கூண்டுகளைச் சுற்றியுள்ள இதே நீரில்தான் அது மேய்கிறது. நீர் சூடாகச் சூடாகப் பேன் வேகமாக வளரும் மாதங்களும் அவையே. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வேளையில் வேலியைத் தாழ்த்துவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

0.5 என்பது கடதாசியில் அரைப் பேன். ஒரு கூண்டில் 200,000 மீன்கள் வரை வைத்திருக்கச் சட்டம் இடமளிக்கிறது. அப்படியானால் ஒரே கூண்டில் 100,000 பெண் பேன்கள் சட்டப்படி வாழலாம். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும்.

எனவே என் கோரிக்கை இது: 0.2 என்ற வசந்தகால வரம்பை ஓகஸ்ட் முடியும் வரை நீட்டியுங்கள்.

தூண்டில்காரர்கள் விடயத்தில் உங்களால் விரைந்து செயற்பட முடியும் என்பதைக் கண்டிருக்கிறோம். 2021இல் காட்டுச் சால்மன், அழியும் ஆபத்தைக் கணிக்கும் சிவப்புப் பட்டியலுக்கு வந்தது. 2024 யூன் 23 அன்று, கரையெங்கும் நடுவேனில் தீ மூட்டும் நாளில், 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பை நிறுத்தினீர்கள். திரும்பி வந்த மீன்கள் அவ்வளவு குறைவு, நிறுத்தியது சரியே. ஆனால் வளர்ப்பு வலயங்களைப் பேன் பாதிப்பின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும் போக்குவரத்து விளக்கு முறையில் சிவப்புப் பெறும் வலயத்துக்கு நீங்கள் விதிப்பது 6 வீத உற்பத்திக் குறைப்பு. தூண்டிலுக்கு 6 வீதக் குறைப்பு என்றால் நானும் மகிழ்வோடு ஒப்புக்கொள்வேன். பதினாறு தடவைக்கு ஒரு தடவை எறியாமல் இருந்துவிடலாம். 2025 பெப்ரவரியில் வடக்கே ஒரு நிறுவனத்தின் கூண்டிலிருந்து ஏறத்தாழ 27,000 சால்மன் தப்பியபோது, பிடித்துக் கொடுத்தால் மீனுக்கு 500 குரோனர் என்று அந்நிறுவனமே அறிவித்தது. காட்டு மீனைப் பிடிக்காதே, வீட்டு மீனைப் பிடித்துத் தா என்பதாக எங்கள் பொழுதுபோக்கு மாறிவிட்டது.

மன்னிக்கவும், பேச்சு வேறு திசையில் போய்விட்டது. நான் மீன் வளர்ப்புக்கு எதிரி அல்லன். 1980களில் நோர்வேக்கு வந்த ஈழத்தமிழர் பலரைப்போல நானும் மீன் தொழிற்சாலையில் கையுறை மாட்டித்தான் வாழ்க்கையைத் தொடங்கினேன். அதற்குமுன் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த சால்மன், கடையில் ‘சமன் டின்’ என்று கேட்டு வாங்கியதுதான். கூண்டு மீன் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதனால்தான், அடிக்கடி பேன் எண்ணுவதும் மூடிய கூண்டுகளுக்கு மாறுவதும் செலவான வேலைகள் என்பது எனக்குத் தெரியும். செலவானவை, ஆனால் முடியாதவை அல்ல. ஏப்ரலிலும் மேயிலும் 0.2ஐக் கடைப்பிடிக்கக் கூடிய பண்ணைக்கு யூனில் மட்டும் கை கட்டுப்பட்டுவிடுமா?

ஓகஸ்ட் முடியும் வரை 0.2. அடுத்த கோடைக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் காரணத்தையாவது பொதுவில் எழுதுங்கள். முட்டைச் சரங்கள் தெளிவாகத் தெரியும் நான்கு படங்களை இம்மடலுடன் இணைத்துள்ளேன்; முதற் படத்தில் மீனைப் பிடித்திருக்கும் கை என் மகளுடையது.

இங்ஙனம்,
மேற்குக் கரைத் தூண்டில்காரன் ஒருவன்