மாங்கா ஓவிய நூல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இவ்வறிக்கை, உறுப்பினர்களிடையே சுற்றுக்குப் போன ஓவிய நூல்களையும், அதாவது மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளின் படத் தொகுப்புகளையும், அவற்றுக்கு வந்த கருத்துச் சீட்டுகளையும் பற்றியது.

அதிகம் பேசப்பட்டவை, மாங்கா ஓவியர் தகேஹிகோ இனோவே ‘வாகபாண்ட்’ என்ற தம் படக்கதைத் தொடருக்கு வரைந்த படங்களின் இரு தொகுப்புகள். வண்ணப் படங்கள் ‘வாட்டர்’ நூலிலும், கருப்பு வெள்ளைப் படங்கள் ‘சுமி’யிலும் உள்ளன. ஜப்பானியப் பதிப்பகமான கோதன்ஷா 2006-இல் வெளியிட்ட இவற்றின் ஆங்கிலப் பதிப்பை விஸ் மீடியா 2008-இல் கொண்டுவந்தது. ‘வாட்டர்’ பெற்ற பாராட்டு எதிர்பார்த்ததுதான். சர்ச்சை முழுக்க ‘சுமி’யைச் சுற்றியே நடந்தது. “தொடரின் தொகுதிகளில் கன்னங்கரேலென்று இருந்த கோடு இங்கே வெளிறிக் கிடக்கிறது, அச்சு மட்டம்” என்பதே பெரும்பாலான சீட்டுகளின் சாரம்.

இதை அச்சுப் பிழை என்று கொள்ள இயலாது. மாங்கா வார இதழ்களில் கோட்டுப் படம் பெரும்பாலும் முழுக் கருப்பு அல்லது வெற்றுத் தாள் என்ற இரண்டே நிலைகளில் அச்சேறும். அத்துடன் படமும் சுருங்குகிறது. ஓவியர் வரையும் தொழில்முறை மூலத்தாள் பி4 அளவு, அதில் வெட்டுக்கோட்டுக்குள் வரும் பகுதி 220×310 மி.மீ. அது பி5 இதழுக்கு ஏறத்தாழ 83 விழுக்காடாகவும், கதை நூலாக வரும் பி6 தொகுதிக்கு 58 விழுக்காடாகவும் குறைகிறது. மெல்லிய சாம்பல் இந்தச் சுருக்கத்தில் கருப்போடு கலந்துவிடும், இல்லையேல் மறைந்துவிடும். இனோவே தொடரின் நடுவே பேனாவை விட்டுத் தூரிகைக்கு மாறியவர். தூரிகை காய்ந்து இழுபட்ட இடமும் மை நீர்த்த இடமும் அவர் கோட்டின் உயிர். ஓவிய நூல் அந்தச் சாம்பலைத்தான் மீட்டுத் தருகிறது. ஐயமிருந்தால் 10 மடங்கு உருப்பெருக்கியைக் கோட்டின் விளிம்பில் வையுங்கள்: சாம்பல் பகுதி நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது படத்தின் தொனி. கோட்டுக்குப் பக்கத்திலேயே மங்கலான இரண்டாம் கோடு ஓடினால்தான் அச்சில் மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் பிசகியிருக்கின்றன என்று பொருள்.

வண்ண நூல்களில் இளஞ்சிவப்பும் இலைப்பச்சையும் மங்கல் என்று எழுதியவர்கள் சொன்னது உண்மை. சாய மையும் மார்க்கரும் தரும் பளிச்சென்ற நிறத்தை அச்சின் வழக்கமான நான்கு மை (நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு) எட்டாது. சில பதிப்பாளர்கள் ஒளிரும் இளஞ்சிவப்பை ஐந்தாம் மையாகச் சேர்ப்பது இதனால்தான். ஆனால் பாதிச் சீட்டுகளில் எந்த விளக்கில் பார்த்தோம் என்ற குறிப்பே இல்லை. மஞ்சள் பல்பின் கீழ் நீலம் செத்துத்தான் தெரியும். இனி 5000 கெல்வின் வெள்ளை விளக்கிலோ, நேர் வெயில் படாத சன்னலோரத்திலோ பார்த்தே நிறம் பற்றி எழுத வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. பக்க எண்ணும் எத்தனையாவது அச்சு என்பதும் சீட்டில் கட்டாயம்.

அச்சைப் பார்க்கும் முறை: ஜப்பானிய நூலின் கடைசிப் பக்கத்தில் முதல் அச்சின் தேதி ஒரு வரியிலும், கையிலுள்ள அச்சின் எண்ணும் தேதியும் அதற்கடுத்த வரியிலும் இருக்கும். பழைய நூல் விற்பவர் மேல்வரியை மட்டும் படமெடுத்து முதல் அச்சு என்று விலை ஏற்றுவது உண்டு. முழுப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டு அரசர் சகாப்தத்தில் இருந்தால் ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018 கூட்டுங்கள். அகிரா தோரியாமாவின் ‘ட்ராகன் பால்’ ஓவியத் தொகுதி வந்த 1995 என்பது ஹெய்செய் 7. அட்டையைச் சுற்றிய காகிதப் பட்டையான ஓபியைத் தூக்கி எறியாதீர்கள். அது இருந்தால் மறுவிலை கூடும்.

இருபக்கப் படங்களில் முகம் நடுமடிப்புக்குள் புதைகிறது என்ற குறை நியாயமானது, அதற்கு நம்மிடம் மருந்தில்லை. ஆனால் அதற்காக நூலை அழுத்தி விரித்ததில் இரண்டு படிகளின் முதுகு விட்டுப்போனது வருத்தம் தருகிறது. புதுநூலை முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முன்னட்டையும் பின்னட்டையும் முதலில் சாய்த்து, முன்னிருந்து சில தாள், பின்னிருந்து சில தாள் என மாற்றி மாற்றித் தடவிப் பழக்க வேண்டும். நடுவில் ஒரேயடியாகப் பிளந்தால், பசைக்கட்டு நூலில், அதிலும் பசை காய்ந்த பழைய நூலில், தாள் கொத்தாகக் கழன்று வரும்.

மழைக்காலம் பற்றி ஓர் எச்சரிக்கை. பளபளப்புத் தாளின் மேற்பூச்சு ஈரத்தில் இளகிக் காயும்போது எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். ஆகவே ஈரம் பட்டதும் காயும் முன்பே தாள்களைப் பிரித்து, இடையே மைதீட்டாத வெள்ளைத்தாள் வையுங்கள். பெட்டியில் ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அட்டை மையோடு ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும். நூலகத்துக்கு இவ்வுறைகள் வாங்கப்பட்டுவிட்டன.

நூலை ஸ்கேன் செய்து பகிரக் கேட்ட கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை, ஓவியரின் உரிமை அது. அடுத்த ஆண்டு ‘சுமி’யையும் தொடரின் தொகுதிகளையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் அமர்வு முதலில் நடைபெறும். உருப்பெருக்கி வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்