மூன்று வயதுக் கையில் பென்சில் வேண்டாம்: மழலையர் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மழலையர் பள்ளிகளை நடத்துகிற உங்களுக்கு, அப்படியொரு பள்ளியில் வகுப்பெடுக்கிற ஆசிரியை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எழுத்துப் பயிற்சி நோட்டை நிறுத்துங்கள், அந்த நேரத்தை அவர்கள் ஓடவும் ஏறவும் தொங்கவும் பிசையவும் விடுங்கள். நான்கு வயதிலும் அதைக் கட்டாயமாக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையை மட்டும் பாருங்கள். பென்சிலை முஷ்டிக்குள் இறுக்கியிருக்கும், இல்லையென்றால் எல்லா விரலையும் மேலிருந்து கவிழ்த்துப் பிடித்திருக்கும். விரல்கள் தனியாக அசையவே அசையாது. ஒரு கோடு இழுக்கத் தோளிலிருந்து மொத்தக் கையும் நகரும், கூடவே நாக்கு வெளியே வரும், இன்னொரு கை தாளைப் பிடிக்க மறந்து மடியில் கிடக்கும், தாள் பாட்டுக்குச் சுழன்று போகும். உடனே நாம் அந்த விரல்களைப் பிரித்து "இப்படிப் பிடி" என்று வைத்துவிடுகிறோம். இரண்டு கோடு போட்டதும் கை பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறது. சொல்பேச்சு கேட்கவில்லை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, அந்தக் கைக்கு இப்போது அவ்வளவுதான் முடியும்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்புதான். வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் தெரியும், கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். எலும்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. தசைக்குப் பலம் வர வேண்டும், கண் பார்ப்பதைக் கை பின்தொடர வேண்டும், முதுகும் தோளும் ஆடாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் விரல் நுனிக்கு வேலை செய்ய வசதி கிடைக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தரையில் கிடக்கும் துணுக்கை எடுக்கிற குழந்தைக்கு, மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்க ஏறக்குறைய நான்கு வயது ஆகிறது. பிடித்த அந்த விரல்களையே அசைத்து எழுத ஐந்து, சிலருக்கு ஆறு வயது. பார்த்து வரைவதும் அப்படித்தான்: மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, சதுரம் ஐந்தை ஒட்டி, சாய்கோடு உள்ள முக்கோணம் அதற்கும் பிறகு. எந்த மொழியின் எழுத்தாக இருந்தாலும் அதில் வளைவு, சுழி, சாய்கோடு என்று ஏதாவது இருக்கத்தானே செய்யும்? முக்கோணமே வராத கையிடம் எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொல்வது என்ன நியாயம்?

சரி, எழுத்து வேண்டாம் என்றால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாட வேண்டும், ஒரே இடத்தில் அசையாமல் கட்டுண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அது. இதை வைத்துக்கொண்டு உங்கள் நேர அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'விளையாட்டு' என்று போட்டிருக்கும் பீரியடில் வரிசையில் நிற்கிற நேரத்தைக் கழித்துவிட்டு, ஒரு குழந்தை உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தொங்குவதற்கு ஒரு கம்பி, ஏறி இறங்க நான்கு படி, தள்ளிக்கொண்டு போகக் கனமான பெட்டி, புகுந்து தவழ்ந்து வெளியே வர மேஜைக்கு அடியில் ஒரு போர்வை. கம்பியில் தொங்குகிற குழந்தையின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? நுனி வெளுக்கிற அளவுக்கு இறுகியிருக்கும், தோள் காதுவரை ஏறும், பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிடும், மூச்சு விட்டுவிட்டு மறுபடி அதுவே போய்த் தொங்கும். யாரும் சொல்லாமலே அந்தக் கை தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. களிமண் உருட்டுவதும், ஈரத் துணி பிழிவதும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவதும், கிளிப்பை அழுத்தி அட்டையில் மாட்டுவதும் அதே கைக்குத்தான்.

விழுந்துவிடுவார்களே என்ற பயம் எனக்கும் புரிகிறது, பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்பதும் தெரியும். கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். விழுந்து எழுந்துதான் நடை வருகிறது. தரையை மெத்தென்று ஆக்குங்கள், உயரத்தைக் குறையுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும். ஏறவே கூடாது என்று மட்டும் தடுக்காதீர்கள்.

கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிற இடம் என்றால் இன்னொன்று. சக்கரம் வைத்த வாக்கரைத் தூக்கிப் போடுங்கள். அது நடக்கச் சொல்லித் தருவதில்லை, விபத்துக்குத்தான் வழி. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுக்க விடுங்கள், ஒரு வயதுக்குள், இன்னும் தானாக நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளொன்றுக்கு மொத்தம் அரைமணியாவது வேண்டும்.

அப்புறம், சட்டை பட்டன், ஷூ, தண்ணீர் பாட்டில் மூடி. நேரமாகிறது என்று இதையெல்லாம் நாங்களே செய்துவிடுகிறோம், ஏனென்றால் இருபது குழந்தைக்கு ஒரு ஆள் என்று விட்டால் வேறு வழி இல்லை. சாப்பாட்டுக்கு முன்னும் வீட்டுக்குக் கிளம்பும் முன்னும் பத்துப் பத்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள். பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு மறு கையால் இழுக்கத் தெரியாமல் திணறுகிற குழந்தைக்கு அந்தத் திணறல்தான் பயிற்சி.

பெற்றோர் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கத்தான் செய்வார்கள், நோட்டில் பக்கம் நிரம்பினால்தான் படிப்பு நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிப் பழக்கியது பள்ளிகள்தான். அதே பெற்றோரைக் கூப்பிட்டு, அவர்கள் பிள்ளை கத்தரிக்கோல் பிடிப்பதையும் கம்பியில் தொங்குவதையும் காட்டி, இது எழுத்துக்கு எப்படி உதவுகிறது என்று ஆசிரியரை விட்டே விளக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை எப்போது வந்தாலும் இயல்புதான். அவ்வளவு பெரிய இடைவெளி அது.

இயல்பைத் தாண்டியதையும் நாம் கண்டுகொள்ள வேண்டும். 18 மாதமாகியும் நடக்காத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிற குழந்தை, நேற்றுவரை செய்ததை இன்று செய்ய முடியாத குழந்தை, இவர்களைப் பற்றி வீட்டுக்குச் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்வது நம் கடமை. பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு உடலியக்க ஒருங்கிணைப்பில் கோளாறு இருக்கிறது, அவர்களில் பலர் சோம்பேறி, கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கியே வளர்கிறார்கள். இடது கைக் குழந்தையை வலது கைக்கு மாற்றுகிற வேலையையும் விட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு நோட்டு அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆசிரியர்களை உட்கார வைத்து இதைப் பேசுங்கள். மூன்று வயது வகுப்பில் ஒரே ஒரு வருஷம் நோட்டே இல்லாமல் நடத்துங்கள். அந்தக் குழந்தைகள் ஐந்து வயதில் பென்சில் பிடிக்கும்போது எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதற்கப்புறம் நோட்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை