விட்டுக்கொடுக்காமல் ஆடியவருக்கும் மற்றவர்களுக்கும்

கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எங்களுக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

என் மகன் போன வாரம் கடைசி மாத்திரையை விழுங்கினான். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு 11 வயது, இப்போது 14. பணமும் ரத்தமும் கொடுத்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அவன் மனசைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு.

முதலில் ஆஸ்பத்திரி கவுன்சிலர் மேடம். "ரத்தம் கம்மி, டானிக் ஏத்துறாங்க" என்றுதான் அவனிடம் சொல்லிவைத்திருந்தோம். ராத்திரியில் தூங்கவே மாட்டான். நீங்கள் எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனோடு பேசினீர்கள். பக்கத்துக் கட்டில் பையன் மூலம் முதல் வாரமே அவனுக்கு எல்லாம் தெரியுமாம். "அம்மா அழும்னுதான் கேக்கல" என்றானாம்.

அப்புறம் அந்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மாதத்தில் 5 நாள். தட்டைத் தூக்கி எறிவான், ராத்திரி 3 மணிக்கு நெத்திலி வறுவல் கேட்பான், உடனே அழுவான். வளர்ப்பு சரியில்லை என்று சொந்தத்திலேயே பேசினார்கள். அது அந்த ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை என்று நீங்கள்தான் மேடம் சொல்லி, காலண்டரில் அந்த 5 நாளை வட்டம் போடச் சொன்னீர்கள். வட்டம் போட்ட பிறகு எனக்கும் கோபம் குறைந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, என் சின்னவளுக்கு அப்போது 6 வயது. "நான் அண்ணன் வயித்துல உதைச்சேனே, அதனாலயா?" என்று உங்களிடம்தான் கேட்டாள். எங்களிடம் எப்படிக் கேட்பாள், நாங்கள் எங்கே வீட்டில் இருந்தோம்? உதைத்தால் வருகிற நோய் இல்லை என்று சொன்னதோடு விடாமல், மெட்ரோவில் கூட்டிவந்து டாக்டர் வாயாலேயே கேட்கவைத்தீர்கள்.

கிளாஸ் டீச்சர், அவன் திரும்பி வருவதற்கு முந்தின நாளே வகுப்பில் இது ஒட்டாது என்று பேசிவிட்டீர்கள். அவன் டிபன் பாக்ஸில் கை வைக்க யாரும் யோசிக்கவில்லை.

கேரம் மாஸ்டர், உங்களுக்குத்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முடி கொட்டியபோது தொப்பி போட்டுச் சமாளித்தான். வின்கிரிஸ்டின் என்கிற புற்றுநோய் ஊசியால் விரல் மரத்து, ஸ்ட்ரைக்கர் பாதி போர்டு கூடப் போகாதபோதுதான் உடைந்துபோனான். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் அடித்த நம்ம ஏரியா காசிமா படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பவன். கூட ஆடிய பசங்க பாவம் பார்த்துத் தோற்றார்கள்; போர்டையே கவிழ்த்துவிட்டான். நீங்கள் மாஸ்க் மாட்டிக்கொண்டு, பவுடர் கூடத் தூவாமல் உட்கார்ந்து, 25-க்குப் பூஜ்யம் என்று அவனைத் தோற்கடித்தீர்கள். "நாளைக்கும் வருவேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்களைத் திட்டிக்கொண்டே அன்றைக்கு 3 தோசை சாப்பிட்டான்.

இன்னமும் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் அவன் யாரோடும் பேசமாட்டான். எனக்கும் வயிற்றைக் கலக்கும். சரி, அது போகிறபோது போகட்டும்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். நெத்திலி உண்டு. போர்டும் போட்டிருக்கும். ஆட உட்கார்ந்தால் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான்.

அன்புடன்,
கொருக்குப்பேட்டை மாவுக்கடை அம்மா