அடி விழுந்தால்தான் தாக்குதலா? அரசு மருத்துவமனை டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, மருத்துவமனை வாசல் காவலும் நோயாளியோடு வருபவர்களுக்கு டேக் கட்டுவதும் பெரிதாகப் பேசப்பட்டன. இரண்டும் தேவைதான். ஆனால் பெண் ஊழியர்மீது நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி, முறையாக டேக் கட்டி உள்ளே விடப்பட்டவர்களாலேயே நடக்கிறது.

ஆண்களுக்கு அடி உதையும், பெண்களுக்குப் பாலியல் சீண்டலும் கூடுதலாக நேர்வதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்கள் அடிபடுவதற்கு நாமும் ஒரு காரணம். கேஷுவாலிட்டியில் சத்தம் கிளம்பியதும், "ஜென்ட்ஸ் ஸ்டாஃப் யாராச்சும் வாங்க" என்றுதான் குரல் போகிறது. ஓடி வருகிற ஆண் செவிலிய உதவியாளரும் (எம்.என்.ஏ.), பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனும் காவலாளிகள் அல்ல. கூட்டத்தை எப்படித் தணிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதலில் செக்யூரிட்டி வர வேண்டும். யாரும் தனியாகக் கூட்டத்தின் நடுவே போகக் கூடாது. ஆண் என்பதற்காக ஒருவரை முன்னால் தள்ளுவதும் அநியாயம்தான்.

பெண்களுக்கு நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. இரவு இரண்டு மணி, நாற்பது நோயாளிகளுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ். நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா குழாயைப் போடக் குனிகிறார். பக்கத்துக் கட்டில் நோயாளியோடு வந்திருக்கும் அட்டெண்டர் பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்கிறார், அல்லது செல்போனில் படம் பிடிக்கிறார். தடுக்கக் கை நீட்டினால் ஊசியும் ட்ரேயும் இடறும். கத்தினால், "நோயாளியைக் கவனிக்காமல் சண்டை போடுகிறார்" என்று புகார் அவர்மீதே வரும். காலையில் அவர் எழுதிக் கொடுக்கும் மெமோ, மேலே போகப் போக "வாய்த் தகராறு" என்று சுருங்கிவிடுகிறது.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொலைகிறது. ஆகவே முதலில் இப்படிப்பட்ட சம்பவங்களைப் பதியும் ரிஜிஸ்டரை மாற்றுங்கள். உடல் தாக்குதல், மிரட்டல், வசைச்சொல், பாலியல் சீண்டல், படம் எடுத்தல் என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். அவற்றோடு வார்டு, நேரம், பணியில் இருந்தவர் எண்ணிக்கை, பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா, செய்தவர் நோயாளியா, அட்டெண்டரா, ஊழியரா என்பதும் பதிய வேண்டும். ஆபாசமாகப் பேசியிருந்தால் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று மட்டும் எழுதிய வழக்கு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். கணக்குப் பார்க்கும்போது மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். செவிலியர்களில் பெண்களே அதிகம் என்பதால் மொத்தத்தில் பெண்கள்தான் அதிகம் தெரிவார்கள். அதே வார்டில், அதே ஷிப்டில் வேலை செய்யும் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அடுத்து புகார். வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் பெயரிலேயே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வைப்பது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 16 அன்று சொல்லிவிட்டது. நைட் டூட்டி முடித்த பெண்ணை ஸ்டேஷனுக்கு அலைய விடாதீர்கள். நோயாளியின் உள்நோயாளி (ஐ.பி.) எண், சாட்சிகள் பெயர், சிசிடிவி பதிவு ஆகியவற்றை நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) உடனே எடுத்து வைக்க வேண்டும். தாமதித்தால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். புகாரில் 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நடந்ததற்கு ஏற்ப பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 74 (மானபங்கம்), 75 (பாலியல் தொல்லை), 79 (பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல், சைகை) பிரிவுகளையும் கேளுங்கள். இந்தப் பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் காவல் அதிகாரியோ வேறொரு பெண் அதிகாரியோதான் பதிய வேண்டும். புறக்காவல் நிலையத்தில் ஆண் காவலர் மட்டும் இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும்.

உள்ளகப் புகார்க் குழுக்கள் செய்யும் ஒரு தவறை அழுத்திச் சொல்ல வேண்டும். "செய்தவர் நம் ஊழியர் இல்லை, எங்கள் வரம்பில் வராது" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்பளிப்பது நிறுவனத்தின் கடமை. செய்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், அந்தப் பெண் விரும்பினால், குற்ற நடவடிக்கையைத் தொடங்க வைப்பதும் நிறுவனத்தின் கடமையே. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும் பயிற்சி மாணவிகளும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். மேஸ்திரியின் தொல்லையை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அவர்கள்.

இடத்தையும் பாருங்கள். 1973இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர் அருணா ஷான்பாக் தாக்கப்பட்டது, உடை மாற்றப் போன அடித்தளத்தில். தாக்கியவர் அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர். 2024இல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டது, களைத்துப் போய்ப் படுத்திருந்த கருத்தரங்கு அறையில். இரண்டு இடங்களும் வாசல் காவலைத் தாண்டி உள்ளே இருப்பவை.

உங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு தளத்திலும் பெண்களுக்கான டூட்டி ரூமுக்கு இன்றிரவே நேரில் போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் பிடிக்கிறதா, கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, கட்டிலில் படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் அழைப்பு மணி இருக்கிறதா, அதை அடித்தால் யார் வருகிறார், எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று நீங்களே அடித்துப் பாருங்கள். தாழ்ப்பாள் மாற்றுவதற்கு டெண்டர் தேவையில்லை.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், பணியாளர்கள்