கண் உயரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. யார் உதவியும் இல்லாமல் ஊசியில் நூல் கோத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மாடியில் என்ன தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். செஸ்னா 172 விமானத்தின் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, அதன் கூட்டைக் கட்டுகிறேன். இறக்கை தலைக்கு மேலே இருக்கும் நாலு சீட்டு விமானம். 1955-இல் முதன்முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். போயிங் 737-ஐயே வீட்டில் கட்டுகிறவர்கள் உண்டு. எனக்குப் பத்துக்குப் பதினொன்று அறைதான். செஸ்னாவின் உள் அகலம் சுமாராக ஒரு மீட்டர் என்பதால் அடங்கிவிடுகிறது.

கம்ப்யூட்டரில் பறக்கும் சிமுலேட்டர் என்னிடம் இரண்டு வருடமாகவே இருக்கிறது. ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் துணிக்கொடி, இன்னொரு பக்கம் பீரோ. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதை விமானி எதிரே மீட்டர்கள் பதித்த பலகையின் (பேனல்) மேல் விளிம்பையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணிக்கிறார். அந்த விளிம்பும் ஜன்னல் சட்டமும் சரியான இடத்தில் நிற்க வேண்டுமானால் கூடு வேண்டும்.

விலா எலும்பு மாதிரி ஐந்து சட்டங்கள், 18 மி.மீ. பிளைவுட்டில். மேலே போர்த்த 4 மி.மீ. பிளை. எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகை மலிவுதான், ஆனால் கனம், மழைக்கால ஈரத்தில் ஊதிவிடும். உலோக வார்ப்புக்கு மர மாதிரி (பேட்டர்ன்) செய்யும்போது உலோகம் சுருங்கும் என்று அளவைக் கொஞ்சம் கூட்டியே வைப்போம். முப்பது வருடமாக அப்படியே பழகிய கை. இங்கே கூட்டக் கூடாது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பேனலில் 3⅛ அங்குல ஓட்டைகள் ஆறு போட்டு, பின்னால் ஒரு மானிட்டரை நிறுத்தினேன். வேகம், உயரம், திசை எல்லாம் தனித்தனி மீட்டராகத் தெரிகிறது. உள்ளே மங்கலான கருப்புப் பெயின்ட். பளபளப்பாக அடித்தால் திரையின் வெளிச்சம் சுவரெல்லாம் தெறிக்கும். கீழே இறக்க நேர்ந்தால் கழற்றுவதற்கு வசதியாகக் கூடு இரண்டு பாதி, நடுவில் போல்ட்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்தால், ஒரு முறைகூட ஒழுங்காகத் தரையிறங்க முடியவில்லை. தரை தொடுவதற்குச் சற்று முன்னால் மூக்கைத் தூக்க வேண்டும். தூக்கினால் ரன்வே பேனலுக்குப் பின்னால் மறைந்துபோகிறது, அதன் பிறகு தடாலென்று விழுகிறது. ஸ்டியரிங்கில் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டினேன். ஆறு நாள் கழித்துத்தான் புரிந்தது, என் கண் இருக்க வேண்டிய உயரத்துக்கு 7 செ.மீ. கீழே இருந்தது. சீட்டின் அடிக்கட்டையை உடைத்துப் புதிதாகச் செய்தேன். அன்று சாயங்காலம் திரையில் நம் கோவை விமான நிலையத்தின் 23 என்று எண்ணிட்ட ரன்வேயில் சக்கரம் தொட்டது எனக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்கினேன். அடுத்த அறையில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாப்ளே. அத்தனை சந்தோஷம்.

உனக்கென்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். தரையிலேயே விமானம் ஓட்டப் பழக்கும் இயந்திரத்தை அமெரிக்காவில் 1929-இல் செய்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்துப் பிங்கம்டன் ஊர்க்காரர். அவர் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று தரும் அதே துருத்திகளை வைத்துத்தான் மகன் அந்தப் பெட்டியைச் சாய்த்தார், தூக்கினார், திருப்பினார். முதலில் பொருட்காட்சி விளையாட்டாகவே பார்த்தார்கள். 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகு, ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இதைப் படித்தபோது உங்கள் கடைதான் கண்ணில் நின்றது. ஆர்மோனியத் துருத்திக்கு உங்கப்பா தோல் ஒட்டுவார். நாம் இரண்டு பேரும் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். என் கூடு அசையாது. அசைய வைக்க வேண்டுமென்றால் எனக்கு மோட்டார் வேண்டாம், உன் கைதான் வேண்டும்.

வலது பக்கச் சீட்டை இன்னும் ஆணி அடிக்காமல் வைத்திருக்கிறேன். உன் முழங்காலை நினைத்து அந்தப் பக்கக் கதவை மட்டும் அசல் அளவைவிட அரை அடி அகலமாக வெட்டியிருக்கிறேன். ஆடி மாதம் வா. கோவையில் ஏறினால் திருச்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேற்கிலிருந்து காற்று அடிக்கும், விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால் மேற்குப் பார்த்த 27 எண் ரன்வேயில்தான் இறங்க வேண்டும்; அதை நீ இறக்கு.

அதற்கு முன் ஒரு வேலை செய். மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையிலிருந்து உன் கண்வரைக்கும் எத்தனை செ.மீ. என்று தங்கச்சியை டேப் வைத்து அளக்கச் சொல். தலையணை போடாதே. பதிலில் அந்த அளவை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்