சுறாமீன் துண்டுக்காரத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி சூப்பில் உப்பில்லை என்று இன்று காலை தாதியிடம் புகார் செய்தாள். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் நாங்கள் நடைபயணம் போன இடத்தில் அக்கா விழுந்தது எப்படி என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தொலைபேசி வழியாகத் தெரிந்துவிட்டது. அதை மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. ஐம்பது தாண்டிய இரண்டு பெண்களுக்கு ஜூன் மாத வெயிலில் அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கும் இந்த மடலில் பதில் கிடையாது. நன்றி சொல்ல மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் இடத்தைச் சொல்லியாக வேண்டும். இடம் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை செய்தது வெறும் சின்ன உதவியாகத் தோன்றிவிடும்.

கிரீட் தீவின் தென்கரையில் இருக்கும் லூத்ரோ என்ற சிற்றூருக்குச் சாலை கிடையாது. படகில் வரலாம், அல்லது நடந்து வரலாம். அங்கிருந்து கிழக்கே ஹோரா ஸ்ஃபாகியோன் வரை சுமார் 6 கிலோமீட்டர். ஐரோப்பாவின் குறுக்கே போகும் இ4 நெடும்பாதையில் இதுவும் ஒரு பகுதி. பாறைகளில் மஞ்சளும் கறுப்புமாக அடையாளம் இட்டிருக்கிறார்கள். நடுவழியில் கிளிக்கா நெரா என்ற கூழாங்கல் கடற்கரை வருகிறது. அதைத் தாண்டியதும் பாதை செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஏறிக்கொள்கிறது. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் கீழே லிபியக் கடல், நடுவில் நம் ஊர்த் திண்ணை அளவுக்கு ஒரு விளிம்பு. தெற்கு பார்த்த பாறை என்பதால் காலையிலிருந்து வாங்கிய வெயிலையெல்லாம் மதியத்தில் திருப்பித் தருகிறது. ஒரு மரம் இல்லை. ஒரு புதர்கூட ஆள் உயரத்துக்கு இல்லை. அக்கா விழுந்தது அந்த விளிம்பில்தான்.

அதற்கு முன்னால் பார்த்த அழகையெல்லாம் சொல்ல இன்னொரு நாள் வேண்டும். சமாரியா பள்ளத்தாக்கின் 16 கிலோமீட்டரை இறங்கி அயா ருமேலியில் தங்கினோம். மறுநாள் கரையோரமாக நடந்து, மணலை ஒட்டித் தனியே நிற்கும் புனித பவுலின் சிற்றாலயத்தில் சற்று உட்கார்ந்தோம். பைன் மரங்களின் பிசின் வாசனையோடு ஒரு நீண்ட ஏற்றம். பிறகு அராதேனா பள்ளத்தாக்கு கடலைத் தொடும் மர்மரா கடற்கரை. பைபிள் கதையில் பவுல் ஏறிவந்த கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க எண்ணி, புயலால் போய்ச்சேர முடியாமல்போன பீனிக்ஸ் துறைமுகம் லூத்ரோவை ஒட்டியே இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஆன அக்கா வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினாள். அப்போது காது கொடுக்காமல் நடந்தேன். இப்போது எத்தனை முறை சொன்னாலும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

சரி, அந்தப் பையன்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் கடலில் குளிக்க வந்துகொண்டிருந்தார்கள். டச்சு மொழி பேசினார்கள் என்று நினைக்கிறேன்; தகப்பனுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். அப்பாவுக்குப் பத்தடி பின்னால், காதில் பாட்டுக் கருவி, முகத்தில் உலகத்தின் மீதே கோபம். விடுமுறையில் கட்டாயப்படுத்தி இழுத்துவரப்பட்ட பிள்ளை. அந்த முகத்தை அடையாளம் காண மொழி தெரிய வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் இருக்கிறது.

தகப்பன் மண்டியிட்டு அக்காவின் நாடியைப் பார்த்தார், பிறகு அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தார். பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் தண்ணீர் கொண்டுவரக் கீழே ஓடினார்கள். ஒரு பெண்மணி காயத்தில் அயோடின் ஊற்றினார். நான் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பெரியவர்கள் ஆளுக்கொன்று செய்துகொண்டிருந்தோம், அவளோ முழு வெயிலில் கிடந்தாள். நகர்த்தவும் பயம், நகர்த்தினாலும் எங்கே கொண்டுபோவது?

பையன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே பையைத் திறந்து, குளித்தால் துவட்டிக்கொள்வதற்கென்று வைத்திருந்த பெரிய துண்டை எடுத்தான். வெளுத்துப்போன நீலம், நடுவில் வாயைப் பிளந்த ஒரு சுறா. ஒரு முனையைப் பாறை இடுக்கில் செருகிக் கல்லை வைத்து அழுத்தினான். மறுமுனைகளை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே தூக்கி, விளிம்பின் வெளிப்பக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அக்காவின் முகத்தின் மேலும் மார்பின் மேலும் நிழல் விழுந்தது.

அவன் குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் பார்த்தேன். அவன் தகப்பனும் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னார். பையன் தலையை ஆட்டி மறுத்தான். அவர் எழுந்துபோய் அவனுடைய இடுப்புப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, மீட்புப் படையினருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைப்பக்கத்திலிருந்து அவ்வப்போது காற்று இறங்கி அடித்தது. அப்போதெல்லாம் துண்டு படபடத்து அவனை இழுத்தது. அவன் காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். சூரியன் மேற்கே சாயச் சாய நிழல் அக்காவின் முகத்தைவிட்டு விலகப் பார்க்கும். அவன் குனிந்து பார்த்துவிட்டு அரையடி நகருவான், கல்லையும் நகர்த்தி வைக்கச் சொல்லி எனக்குக் கண்ணால் காட்டுவான். படை வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவன் கையை இறக்கவில்லை. தோள்கள் நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. மாற்றிக்கொள்கிறேன் என்று வந்த இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டான். அவனுக்குக் கை ஒழியவில்லை என்பதால் நான்தான் தண்ணீர்ப் புட்டியை வாயருகே பிடித்தேன். காதிலிருந்து நழுவிய கருவி சட்டைமேல் தொங்கிக்கொண்டிருந்தது; அதில் ஏதோ பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது அந்தச் சுறாவின் வயிற்றைத்தான். “இது யார் கொண்டுவந்த மீன்?” என்றாள், சுத்தமான தமிழில். என்ன சொல்கிறார் என்று பையன் கேட்டான். சொன்னேன். அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தான். பல்லில் கம்பி போட்டிருந்தான். நான் அதுவரை அழவில்லை, அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் அழுதேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் நன்றி சுருக்கமாக இருப்பதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ரெச்சரை அந்த விளிம்பில் ஒருவர் பின் ஒருவராகத் தாங்கிக் கடற்கரைக்கு இறக்கிய தீயணைப்புப் படையினர்; கூழாங்கற்களுக்கு அருகே படகைக் கொண்டுவந்து நிறுத்தி, பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட படகுக்காரர்; கிளிக்கா நெராவில் கூழாங்கற்களைத் தோண்டித் தொப்பிகளில் தண்ணீர் எடுத்துவந்த அந்த இரண்டு இளைஞர்கள். வெள்ளை மலைகளில் உருகும் பனி சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடலோரத்தில் நன்னீராக ஊறுகிறது. அந்தக் குளிர்ச்சிதான் அக்காவின் நெற்றிக்கு வந்தது. லூத்ரோ விடுதிக்கார அம்மா எங்கள் துணிமணிகளை மடித்துக் கட்டி அடுத்த படகிலேயே அனுப்பினார். உள்ளே ஒரு தைம் தேன் புட்டியும் இருந்தது. ஹானியா நகர ஆஸ்பத்திரிக்கு மலையைத் தாண்டி ஓட்டிவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இரவெல்லாம் விழித்த மருத்துவர்கள், காப்பீட்டுக் காகிதங்களைச் சென்னையிலிருந்தே முடித்துக்கொடுத்த எங்கள் நடைக்குழு நண்பர்கள், வேளாவேளைக்குப் பேசிய மருமகள், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய பக்கத்து வீட்டு அம்மா. எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஹோரா ஸ்ஃபாகியோன் படகுத்துறையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1941 மே மாதக் கடைசியில், ஜெர்மன் படைக்குப் பின்வாங்கி மலைகளைக் கடந்து வந்த நேசநாட்டு வீரர்களை ஆயிரக்கணக்கில் இரவோடு இரவாகக் கப்பலேற்றியது அங்கிருந்துதான். இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்றுபோனார்கள். அவர்களில் தப்பியவர்களைச் சுற்றுமலைகளின் கிராமத்தார் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தத் துறையிலேயே நானும் நின்றேன். கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவர் எதுவும் கேட்காமல் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து என் பின்னால் போட்டுவிட்டுப் போனார். அந்த ஊருக்கு இது பழக்கம் என்று தோன்றியது. ஆனால் அந்தப் பையன் அந்த ஊர்க்காரன் இல்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். இனி எந்த மலைக்குப் போனாலும் என் பையில் ஒரு பெரிய துண்டு இருக்கும். வழியில் யாராவது உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவேன். அக்காவோ, கால் தேறியதும் அந்த மிச்சத் தூரத்தை நடந்து முடிக்க வேண்டும் என்கிறாள். அதைப் பற்றி இப்போது நான் பேசுவதாக இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கியபோது பையன் அந்தத் துண்டை அக்காமேல் போர்த்திவிட்டு, அப்பாவோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. துவைத்துக் காயவைத்திருக்கிறேன். நாளை ஹோரா ஸ்ஃபாகியோன் போகும் பஸ்ஸில் படகுக்காரருக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். துறையில் ஒட்டுவதற்கு ஆங்கிலத்திலும் டச்சிலும் ஒரு சீட்டு எழுதித்தர இங்கே ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் நடக்கும் டச்சு நண்பர்கள் இருந்தால், அவர்கள் காதிலும் போட்டுவையுங்கள்: பல்லில் கம்பி, நீலத் துண்டு, சுறா. வால் பக்கத்தில் அயோடின் கறை மட்டும் போகவில்லை. புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிடலாமே என்றேன். “அதையும் வை, இதையும் வை” என்கிறாள் அக்கா.